பச்சைத் தண்ணீர்ப் பேசின்

சாயங்காலமானால் வெள்ளையம்மா தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் இரண்டு பேசின்களைக் கொண்டுவந்து வைப்பாள். ஒன்றில் ஆவி பறக்கும் வெந்நீர். மற்றதில் அப்போதுதான் கிணற்றிலிருந்து இறைத்த பச்சைத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே பலகையைப் போட்டு அவள் புருஷன் சின்னத்தம்பி வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். ரப்பர் பால்வெட்டு முடிந்து திரும்புகிறவர்கள், தண்ணீருக்குப் போகிறவர்கள், எல்லார் கண்ணிலும் படும்படியாகத்தான் அந்த வைத்தியம் நடந்தது. படட்டும் என்றுதான் அவளும் வாசலைத் தேர்ந்தெடுத்தாள். சின்னத்தம்பியின் கை தேறிவருகிறது என்ற செய்தி வேலை வாங்கும் கங்காணி காதுக்கும் அவர் மூலம் தோட்டத்துத் துரை காதுக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் பச்சைத் தண்ணீர்ப் பேசினில் அந்தக் கை ஒரு நாளும் நனைந்ததில்லை. பொழுது மங்கி வாசலில் நடமாட்டம் அடங்கியதும் அவள் அதை அப்படியே தூக்கிப்போய் வெண்டைப் பாத்தியில் ஊற்றிவிடுவாள்.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில், ரப்பர் பால் நிறைந்த வாளிகளைத் தோளில் சுமந்து சரிவில் இறங்கியபோது சின்னத்தம்பி சறுக்கி விழுந்தான். வலது முழங்கை ஒரு கல்லில் போய் மோதி எலும்பு ஒடிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ராஜசேகரன் மட்டை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது. கட்டைப் பிரித்த அன்றுதான் விரல்களின் கதி தெரிந்தது. வெயிலில் காய்ந்த இலை போல உள்பக்கமாகச் சுருண்டு கிடந்தன. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை.

வெந்நீரில் கொஞ்ச நேரம், உடனே குளிர்ந்த நீரில் கொஞ்ச நேரம், மறுபடி வெந்நீர், இப்படி மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று டிரசர் சொல்லி அனுப்பினார். சூட்டில் ரத்தம் ஓடிவரும், குளிரில் வீக்கம் வடியும், அதற்குப் பிறகு விரல்களை மெள்ள மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும். ஐஸ் கிடைத்தால் இன்னும் விசேஷம் என்றும் சொன்னார்.

வெந்நீர் என்றதும் வெள்ளையம்மாவுக்குத் தெம்பாக இருந்தது. குளிர் என்றதும் அந்தத் தெம்பு போயிற்று. இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் வருஷம் அவள் பெற்ற பிள்ளையைக் குளிர்க்காய்ச்சல் கொண்டுபோனது. கையிலிருந்த துணி எல்லாவற்றையும் சுற்றியும் அதன் வாய் கிட்டிப்போய் உடம்பு உதறியதை அவள் மறக்கவில்லை. கடைசியில் அந்தச் சின்னப் பாதங்கள் இருந்த குளிர்ச்சி இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவும் சேர்ந்துகொண்டாள். ஒடிந்து கூடிய கையைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் ஜன்னி ஏறும், கை சூம்பிவிடும் என்றாள். அதற்குமேல் வெள்ளையம்மாவுக்கு யார் சொல்லும் வேண்டியிருக்கவில்லை. டிரசர் கேட்டபோது இரண்டும் வைக்கிறோம் ஐயா என்று தலையாட்டினாள். குளிர்ச்சியில் குறைந்ததைச் சூட்டில் ஈடுகட்டிவிடலாம் என்று நம்பினாள்.

ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. தெப்ராவ் பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொன்றாக ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் துரை சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் லாரி வரும். வேலைக்கு ஆகாதவர்கள் குடும்பத்தோடு ஏறிச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பலில் ஊர் போய்ச் சேரலாம். சின்னத்தம்பி அதற்குள் பெரட்டில் நின்று பால்வெட்டுக் கத்தியைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

சிலர் சந்தோஷமாகவே மூட்டை கட்டினார்கள். இவர்களால் முடியாது. வெள்ளையம்மாவுக்குத் தாலி கட்டியவன் வேறொருவன். அவன் அடித்த அடியில் ஒரு காது மந்தமான பிறகு, பக்கத்துத் தெருச் சின்னத்தம்பியோடு நாகப்பட்டினம் வந்து, புருஷன் பெண்சாதி என்று சொல்லிக் கப்பலேறியவள் அவள். அவளுடைய அண்ணன்மார் துறைமுகம் வரைக்கும் தேடி வந்தார்கள். கரையில் அரிவாளோடு நின்ற அந்த மூன்று உருவங்கள் சிறுத்துச் சிறுத்துக் கடுகாகி மறையும்வரை அவள் கப்பலின் ஓரத்திலேயே நின்றிருந்தாள். இப்போது கண்ணை மூடினால் அந்தக் கடுகு மறுபடி பெருத்துக்கொண்டே வந்தது.

ஆகையால் சூடு நாளுக்கு நாள் ஏறியது.

முதலில் அவள் தன் முழங்கையை நீரில் வைத்துப் பார்த்து, பொறுக்குமா என்று கேட்டுத்தான் அவன் கையை இறக்குவாள். அவன் எப்போதும் இன்னும் கொஞ்சம் ஊற்று என்பான். சுகமாக இருக்கிறது, நரம்பெல்லாம் தளர்கிறது என்பான். சூடு தாங்குகிறான் என்றால் உடம்பில் பலம் ஏறுகிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு முழங்கையை வைத்துப் பார்ப்பதும் நின்றுபோயிற்று. அவன் வாயைப் பார்த்து ஊற்றினாள். கட்டைவிரலும் அடுத்த இரண்டும் நன்றாகவே தளர்ந்து வந்தன. ஒரு நாள் கத்தியைப் பிடித்து வாசல் தூணில் மரம் வெட்டுவது போல இழுத்துக் காட்டினான். கிருஷ்ணம்மா, தூணிலிருந்து பால் வடிந்தால் தனக்கும் ஒரு கோப்பை வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். வெகு நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

லாரிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில் அது நடந்தது. அவன் கை பேசினில் இருந்தபடியே இருக்க, அவள் அடுப்பிலிருந்து வெந்நீர்க் கெண்டியைக் கொண்டுவந்து ஊற்றினாள். அவன் வழக்கம்போல, இன்னும் ஊற்று என்றான். ஊற்றினாள். கணக்கு எழுதும் கிராணி வீட்டு நாய் எதையோ திருடித் தின்ற கதையை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கையை எடுத்துத் துணியால் ஒற்றியபோது சுண்டுவிரலின் மேல்தோல் துணியோடு வந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் புறங்கையின் அந்த ஓரமும் வெந்து, கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. சின்னத்தம்பி நாயின் கதையை முடித்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாமா," என்றாள். "வலிக்கலயா?"

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். யாரோ ஒருவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தான். சிரிப்பு மெள்ள முகத்தைவிட்டு இறங்கியது.

"வலிக்குதே. லேசா வலிக்குது," என்றான்.

"பொய் சொல்லாத மாமா."

அவன் கையைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விழுந்த அன்றிலிருந்தே அந்த ஓரம் மரத்துக் கிடந்தது. வெந்நீரா வேறெதுவா என்று அந்த இரண்டு விரலுக்கும் தெரியாது. சூடு ஏற ஏற ஒரு நாள் உணர்ச்சி திரும்பிவிடும் என்றுதான் இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் மனசுக்குள்ளே காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவனைப் போல.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? கை மரத்துப் போச்சுன்னா அந்தப் பெருவியாதின்னுதான் நெனைப்பாங்க. லாரிகூடக் கெடையாது அப்பறம். என்னைய ஒரு பக்கம் கொண்டுபோய் அடைச்சிருவாங்க, ஒன்னைய ஒரு பக்கம் அனுப்பிருவாங்க." பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "தெனம் நீ ஆசையாக் கேட்ட, புள்ள. சொகமா இருக்கான்னு," என்றான்.

துணியைச் சுற்றிக் கட்டு, யாரிடமும் மூச்சு விடாதே, பெரட்டில் மூன்று விரலால் கத்தியைப் பிடித்துக் காட்டிவிடுகிறேன் என்றான். அவள் கட்டினாள். கட்டும்போது பக்கத்தில் இருந்த பச்சைத் தண்ணீர்ப் பேசின் கண்ணில் பட்டது. அதில் வானம் தெளிவாக, ஒரு அலையும் இல்லாமல் கிடந்தது. அன்று அவள் அதைப் பாத்தியில் ஊற்றவில்லை.

மறுநாள் புண்ணிலிருந்து வாடை கிளம்பியது. வெள்ளையம்மா அவனிடம் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டிரசர் ராஜசேகரன் படிப்பாளி, கோபக்காரர், எப்போதும் தூக்கம் போதாத கண்கள். அவர் எதிரில் நின்று இரண்டு பொய்யையும் ஒத்துக்கொண்டாள். முதலில் தன்னுடையது, பேசினையும் வெண்டைப் பாத்தியையும் பற்றி. அப்புறம் அவனுடையது. எதற்காகத் திரும்பிப் போக முடியாது என்பதையும் சொல்லிவிட்டாள். அதை இந்த நாட்டில் ஒரு மனிதரிடமும் அவள் சொன்னதில்லை.

டிரசர் திட்டினார். பச்சைத் தண்ணீரில் வைத்திருந்தால் சூடு இவ்வளவு ஏறியிருக்காதே என்றார். விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று அன்றைக்கே தான் பார்த்திருக்க வேண்டும் என்றும், யாரையோ திட்டுவது போலவே சொன்னார். பிறகு அவனை வரவழைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகு, காது மடல், முழங்கால் என்று ஓர் இடம் விடாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் முழுவதும் வெள்ளையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வியாதி இல்ல," என்றார் கடைசியில். "கல்லுல அடிபட்ட எடத்துல நரம்பு நசுங்கியிருக்கு. திரும்பி வரலாம். வராமயும் போகலாம். எனக்குத் தெரியாது."

புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டினார். ஆறுகிற வரைக்கும் வெந்நீர் பக்கமே போகக் கூடாது, கத்தியைத் தொடவே கூடாது என்றார். அப்படியென்றால் லாரிதான் என்று வெள்ளையம்மாவுக்குப் புரிந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெறந்த புண்ணோட இருக்கிற ஆளக் கப்பல்ல ஏத்த மாட்டாங்கம்மா. சிங்கப்பூர்லயே திருப்பிருவாங்க. தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். இந்த லாரில நீங்க இல்ல."

"அடுத்த லாரி, ஐயா?"

"அதுக்குள்ள புண்ணு ஆறிரும்," என்றார் அவர், கையைக் கழுவிக்கொண்டே.

அவள் வெந்நீரால் செய்த கொடுமைதான் இப்போது அவர்களை இந்த மண்ணில் நிறுத்தி வைத்திருந்தது. அந்தப் புண் ஆற வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, ஆறக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்று திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை.

லாரி வந்து போனது. ஏறினவர்கள் கை அசைத்தார்கள். அன்று வேலை முடிந்ததும் அவள் பக்கத்து ஊரான தம்போய்க்கு நடந்தாள். அங்கே மீரா சாகிபின் சாப்பாட்டுக் கடையில், ஜொகூர் பாருவிலிருந்து வரும் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைத்திருப்பார்கள்.

"என்ன தங்கச்சி, சர்பத் கடை போடப் போறியளா? எனக்குப் போட்டியா?" என்றார் சாகிபு.

விஷயத்தைக் கேட்டதும் அவர் கேலியை நிறுத்திவிட்டு, உடைந்த துண்டுகளில் பெரியதாகப் பார்த்து மரத்தூளோடு சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பாதி வழியில் குளிர் ரவிக்கையைத் தாண்டி நெஞ்சில் இறங்கியது. அவளுக்குப் பிள்ளையின் பாதங்கள் ஞாபகம் வந்தன. நடையை நிறுத்தவில்லை. அணைப்பையும் விடவில்லை.

டிரசர் சொல்லிக் கொடுத்தபடி துண்டு ஐஸைத் துணியில் சுற்றி முழங்கையின் வீக்கத்தில் வைத்தாள். பிறகு ஒரு சிறு சில்லை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடு மாமா என்றாள். எந்த விரலில் வைக்கிறேன் என்று அவன் சொல்ல வேண்டும். கட்டைவிரலைச் சரியாகச் சொன்னான். ஆள்காட்டி விரலையும் சொன்னான். நடுவிரலில் வைத்தபோது சட்டென்று கையை இழுத்து, பேய்க் குளிர் என்று முனகினான்.

கட்டுக்கு வெளியே சுண்டுவிரலின் நுனி மட்டும் தெரிந்தது. அவள் சில்லை அதன்மேல் வைத்தாள். ஐஸ் உருகி விரல் நுனியிலிருந்து சொட்டியது. அவன் நெற்றி சுருங்கியது. இமைகள் துடித்தன, ஆனால் திறக்கவில்லை. இருக்கிறது, சில்லென்று இருக்கிறது என்று சொல்ல அவன் உதடு பிரிவதை அவள் பார்த்தாள். எத்தனையோ சாயங்காலங்களில் பார்த்த உதடு. அவள் எதையும் கேட்காமல் இருந்தாள்.

"தெரியல, புள்ள," என்றான் அவன். "வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"தெரியல."

அவள் ஈரத்தைத் துடைத்தாள். ஆனாலும் என்றைக்காவது அவன் தெரிகிறது என்று சொன்னால், அதை இனி நம்பலாம். சாக்கில் இன்னும் கொஞ்சம் ஐஸ் மிச்சம் இருந்தது. அது கரைவதற்குள் இன்னொரு சில்லை உடைத்து எடுத்து, மறுபடி கண்ணை மூடச் சொன்னாள்.