கோட்டில் காட்டிய வலி

வலியைச் சொல்ல மலாக்காவின் காஜா பெராங் ஜனங்களிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. குத்துகிறது என்பார்கள். கடுக்கிறது, குடைகிறது, சுண்டி இழுக்கிறது, உள்ளுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். கிளினிக்கில் மருந்து கலந்து கொடுக்கிற டிரஸர் சேதுபதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொல்வார்.

"எப்படி வலிக்குதுங்கிறது இருக்கட்டும். எங்கன்னு காட்டுங்க."

எரிச்சலுக்கு வெள்ளை மருந்து, மூட்டுக் கடுப்புக்குச் சூட்டுத் தைலம், தலையிடிக்கு மாத்திரை. இவையெல்லாம் தவறிப் போனாலும் ஆள் பிழைத்துக்கொள்வான். வயிறு அப்படியில்லை. வலது அடிவயிற்றில் வலி என்றால் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. குடல்வால் வீங்கியிருந்தால் பேதி மருந்து அதை உடைத்துவிடும். இதைச் சேதுபதி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம், ரப்பர் தோட்டத்தில் டிரஸராக இருந்தபோது, சுப்பையன் என்ற பால்வெட்டுக்காரனுக்கு அவர் கையாலேயே பேதி உப்பைக் கரைத்துக் கொடுத்தார். மறுநாள் தோட்ட லாரி மலாக்கா டவுனை எட்டுவதற்குள் சுப்பையன் போய்விட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, பிப்ரவரி இருபது. மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, தேதி சொல்லப் போகிறார்கள் என்று பண்டார் ஹிலிர் திடலுக்கு ஊரே திரண்டு போயிருந்தது. டாக்டரும் போயிருந்தார். மத்தியானம் கிளினிக்கில் சேதுபதி மட்டும்தான். புழுக்கம் தாங்காமல் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தெங்கேராவிலிருந்து ஷரீஃபா வந்தாள். ஐம்பது வயது இருக்கும். அவள் மகன் அலி அக்பர் அங்கே மளிகைச் சாமான் கடை வைத்திருந்தான். வாயில் வெற்றிலை. நடந்து வந்த களைப்பில் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மருமவளுக்கு வயித்துவலி, டிரஸரய்யா. நேத்து ராவுலேருந்து."

"சபியாவுக்கா? கூட்டிட்டு வர்றதுதான?"

"நிமிரவே முடியலங்கிறா. எப்படிக் கூட்டிட்டு வர்றது? தூக்கிட்டு வர மவனும் இல்ல. மெர்டேக்காவப் பாக்கப் போயிட்டான், என்னமோ அது பெட்டியில வந்து இறங்குற மாதிரி."

"வாந்தி?"

"ஒரு தடவ."

"வெளிக்குப் போச்சா?"

"ரெண்டு நாளாச்சு. அதுதான் காரணம்னு நான் சொல்றேன். கல்யாண வீட்டுல பிரியாணி தின்னா. இவளுக்குக் கொடல் சின்னது, தட்டு பெருசு."

"காய்ச்சல்?"

"லேசா கதகதன்னு இருக்கு. எனக்கும்தான் இருக்கு, இந்த வெயில்ல வந்ததுக்கு."

சேதுபதி சிரிக்கவில்லை. மலச்சிக்கலாக இருக்கலாம். பிரியாணியாக இருக்கலாம். சிறுநீரகக் கல்லாகவும் இருக்கலாம்.

"வலி எங்க?"

"முதல்ல தொப்புளைச் சுத்தி. இப்ப கீழ எறங்கி ஒரு பக்கமா நின்னுட்டுது."

"எந்தப் பக்கம்?"

ஷரீஃபா கையைத் தூக்கினாள். தன் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள்.

"என் உடம்புல வச்சுக் காட்டப்படாது. அடுத்தவ வலியக் காட்டினா நமக்கு வந்துரும்."

"சரி, காட்ட வேணாம். வலமா இடமான்னு வாயால சொல்லுங்க."

"அதுல எனக்கு எப்பவும் தடுமாத்தம்தான். இருங்க."

எழுந்து போய் ஆணியில் தொங்கிய கோட்டின் முன்னால், அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். கீழ்ப்பக்கத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.

"இந்தா, இங்க."

விரலில் இருந்த வெற்றிலைச் சிவப்பு கோட்டில் ஒட்டிக்கொண்டது. நேற்றுதான் டோபியிடமிருந்து வந்த கோட்டு. சேதுபதிக்கு அந்த எரிச்சல். சிவப்புப் பொட்டு அவர் பார்வைக்கு வலப்புறம் இருந்தது. ஆகவே நோயாளிக்கு இடப்புறம். இதற்கு அவர் யோசிக்க வேண்டியதில்லை. இருபது வருஷமாக எதிரே உட்காருகிறவர்களின் வயிற்றைப் பார்த்து வருகிறார். தம் வலது அவர்களுக்கு இடது, தம் இடது அவர்களுக்கு வலது.

இடது என்றதும் மனசு லேசானது. பேதி உப்பைக் கரைத்து ஒரு குப்பியில் ஊற்றினார். வேளைக்கு ஒன்றாகப் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைக் குப்பியின் பக்கவாட்டில் ஒட்டினார்.

"சாயந்தரம் அஸர் தொழுததும் ஒரு அளவு. படுக்கப் போகையில இன்னொண்ணு. நாளைக்குச் சரியாகலேன்னா டாக்டர்கிட்ட காட்டிரணும்."

"சரியாயிரும். கசக்குமா?"

"கசக்கும்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு ஷரீஃபா போனாள்.

மூன்றரை மணிக்குத் தம்பிராஜா வந்தார். பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர், தலைமுறைகளுக்கு முன்பே மலாய் பேசத் தொடங்கிவிட்ட மலாக்கா செட்டிகளில் ஒருவர். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் மலாய்தான் வரும். தமிழில் நாலைந்து வார்த்தை தெரியும், அதில் இரண்டு சாமி பெயர். சேதுபதியும் அவரிடம் மலாயிலேயே பேசுவார்.

தம்பிராஜாவுக்கு வலது தோள் வலி. கோயிலுக்குப் பந்தல்கால் தூக்கியதில் வந்தது. சேதுபதி தோளை அசைத்துப் பார்த்தார். பிடிப்புதான். தைலம் கொடுத்து, எப்படித் தேய்ப்பது என்று அவர் எதிரே நின்று தம் வலது தோளில் செய்து காட்டினார்.

"மேலேயிருந்து கீழே. வட்டமாக வேண்டாம். எங்கே, செய்யுங்கள்."

தம்பிராஜா தைலத்தைத் தொட்டு இடது தோளில் தேய்த்தார். சிரத்தையாக, மேலேயிருந்து கீழே.

"அது நல்ல தோளாயிற்றே."

"நீங்கள் இந்தப் பக்கம்தானே காட்டினீர்கள்?"

"நான் வலது தோளைக் காட்டினேன்."

"உங்கள் வலது எனக்கு எதற்கு? நான் பார்த்தது இந்தப் பக்கம். நான் தேய்த்ததும் இந்தப் பக்கம்." தம்பிராஜா சிரித்தார். "பரவாயில்லை, நாளைக்கு இந்தத் தோளும் வலிக்கும். முன்கூட்டியே தேய்த்தாகிவிட்டது."

சேதுபதியும் சிரிக்கப் போனார். பாதியில் நின்றுவிட்டது. திரும்பிக் கோட்டைப் பார்த்தார்.

ஷரீஃபா கோட்டைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு எதிரே சபியா நிற்பதாக நினைத்துக்கொண்டு தொட்டிருந்தால், பொட்டு இருப்பது இடப்பக்கம். அப்படி நினைக்காமல், தம்பிராஜாவைப் போலத் தன் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தைத் தொட்டிருந்தால்?

எழுந்து போய் அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தார். விரலைப் பொட்டின் மேல் வைத்தார். வலது கை, நேராகப் போனால் அங்கேதான் படுகிறது. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொட்டு இடது அடிவயிற்றில் உட்கார்ந்தது. மறுபடி கழற்றி மாட்டினார். வலப்புறம் தெரிந்தது. எத்தனை தரம் பார்த்தாலும் கோட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் யாரும் இல்லை.

"டிரஸர், உங்களுக்கு என்ன செய்கிறது?" என்றார் தம்பிராஜா.

"மணி என்ன?"

"நாலாகப் போகிறது."

கிளினிக்கைப் பூட்டச் சொல்லிச் சாவியைத் தம்பிராஜா கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

வழியெல்லாம் ஆட்கள். திடலிலிருந்து திரும்புகிறவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். யாரோ அவர் தோளைத் தட்டினார்கள், யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எதற்கென்று ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா என்று கேட்டிருந்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும். ஏன் கேட்கவில்லை? வலது என்று வந்துவிடுமோ என்ற பயத்தில் இடது என்றதும் தாவிப் பிடித்துக்கொண்டோமா? அதுவும் தெரியவில்லை. ஒருவேளை இடதாகவே இருந்தால் இந்த ஓட்டமே வீண். வீணாக இருக்கட்டும் என்று மிதித்தார்.

தெங்கேராவுக்குள் நுழையும்போதே பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

ஷரீஃபா கதவைத் திறந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"குப்பி எங்க?"

மேசை மேல் இருந்தது. சேதுபதி தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மருந்து காகிதப் பட்டையின் ஒரு பல் அளவுக்கு இறங்கியிருந்தது.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். லாரியும், பின்னால் போட்டிருந்த சாக்கும், சாக்கின் மேல் சுப்பையனின் கால்களும் கண்முன் வந்தன.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து முனகல் கேட்டது. சேதுபதி திரையோரம் போய் நின்றார்.

"சபியா, நான் டிரஸர். கேட்குதாம்மா? வலி சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

"சோத்துக்கைப் பக்கம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கைய அங்கதான் வச்சிருக்கேன்."

"அந்த இடத்த மெதுவா அமுக்கு. அமுக்கிட்டு வெடுக்குன்னு கைய எடு. எப்ப ஜாஸ்தியா வலிக்குது?"

திரைக்குள் பாய் சரசரத்தது. பிறகு ஒரு சிறு அலறல்.

"எடுக்கிறப்ப" என்றாள் சபியா, மூச்சு வாங்கிக்கொண்டு. அப்படியானால் குடல்வால்தான்.

"மருந்து எப்பக் குடிச்ச?"

"எந்த மருந்து?"

சேதுபதி குப்பியைப் பார்த்தார். ஷரீஃபாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"கசப்புன்னு சொன்னீங்கல்ல" என்றாள். "இவ கசப்புன்னா துப்பிருவா. எவ்வளவு கசப்புன்னு பாக்கலாம்னு நான் கொஞ்சம் வாயில ஊத்தினேன்."

"கொஞ்சமா?"

"ஒரு அளவு. அவ தூங்குனா. முழிச்சதும் குடுக்கலாம்னு இருந்தேன்."

சேதுபதி குப்பியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்தார். முழுவதும் வடிகிறவரை பிடித்துக்கொண்டு நின்றார்.

தெருவில் வாடகைக்கார் கிடைக்கவில்லை. எல்லாவற்றிலும் ஆள். கடைசியில், கொடி கட்டிக்கொண்டு வந்த ஒரு காரின் முன்னால் சைக்கிளைக் குறுக்கே போட்டார். ஓட்டி வந்தவன் பக்கத்துக் கடை முகம்மது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவன், டிரஸரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். உள்ளே இருந்த ஆறு பேர் இறங்கினார்கள். சபியாவைப் போர்வையோடு பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். கார் பள்ளத்தில் விழுந்த ஒவ்வொரு தடவையும் அவள் முனகினாள். சேதுபதி ஒவ்வொரு தடவையும் முகம்மதைப் பார்த்தார்.

"ரோட்ட நான் போடல, டிரஸர்" என்றான் முகம்மது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உடனே அறுவை அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். எப்போது ஆரம்பித்தது, என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். சேதுபதி எல்லாவற்றையும் சொன்னார், கோட்டையும் சேர்த்து. எழுதிக்கொண்டே வந்த டாக்டர் கோட்டு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"கோட்டா?"

"ஆணியில தொங்கினது, ஐயா."

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஏழு மணிக்கு நர்ஸ் வெளியே வந்தாள். குடல்வாலை எடுத்தாகிவிட்டது, நன்றாக வீங்கியிருந்தது, உடையவில்லை என்றாள். அலி அக்பர் அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்திருந்தான். சட்டையில் காகிதக் கொடி குத்தியிருந்தது. அவன் சேதுபதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு, இந்த இரண்டில் தமக்குச் சேர வேண்டியது எது என்று சேதுபதிக்கு விளங்கவில்லை. பிடித்த கையை விடுவித்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பெஞ்சில் ஷரீஃபா இரண்டாக மடிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை.

"என்னம்மா, வயிறு வலிக்குதா?"

"காட்டாமலே வந்துட்டுது" என்றாள்.

"எங்க?"

இந்தத் தடவை தயங்கவில்லை. இரண்டு கையாலும் தன் வயிற்றையே அமுக்கிக் காட்டினாள்.

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும், டிரஸரய்யா. சீக்கிரம், பொம்பளைங்க கக்கூசு எங்கன்னு சொல்லுங்க."

சேதுபதி கையை நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கிவிட்டு, "என் பின்னாலேயே வாங்க" என்று சொல்லி முன்னால் நடந்தார்.