சீவல் அள்ளினவன்

நான் மேஸ்திரி இல்லை. கரமனையில் எங்கள் தெருவில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பாப்பனங்கோட்டில் ஒரு பட்டறையில் முப்பத்தோரு வருஷம் இரும்பைச் சீவுகிற மில்லிங் மெஷின் ஓட்டினேன் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்ததால் வந்த பேர் அது. ஓட்டியது வேறு ஆள். மெஷினுக்கு அடியில் விழும் இரும்புச் சீவலை அள்ளிக் கொட்டுவதுதான் என் வேலை.

போன மாசம் எங்கள் தெரு நீலகண்டன் சாமி வந்தார். பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னதாக ஒரு நீராவி எஞ்சினை, பாகம் பாகமாகத் தன் கையாலேயே செய்ய வேண்டுமாம். அதற்கு வீட்டில் வைக்கிற மாதிரி மில்லிங் மெஷின் வேண்டும்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதாக்கும். நீங்க பாத்துச் சரின்னா வாங்கிடுவேன், மேஸ்திரி" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "போவோம் சாமி" என்றேன்.

பேரூர்க்கடையில் ஜெஸி என்கிற பெண்மணியிடம் பழைய மெஷின் ஒன்று விலைக்கு இருந்தது. பையன்களுக்கு மெஷின் வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். விற்கிறவர்களை நான் நம்புவதில்லை. மெஷின் விற்கிற பொம்பளையைக் கொஞ்சமும் நம்பவில்லை.

கார் ஷெட்டில் மெஷினை வைத்திருந்தாள். முப்பது வருஷம் மில்லிங் ஓட்டின மேஸ்திரி என்று சாமி என்னை அவளிடம் சொன்னார். பழக்கதோஷம், என் கண் முதலில் கீழேதான் போனது. தட்டில் கொஞ்சம் சீவல் கிடந்தது. நகம் வெட்டிப் போட்ட மாதிரி எல்லாம் ஒரே அளவு. ஆடுகிற மெஷினில் இப்படி வராது, தூளும் துண்டுமாக வரும். நல்ல மெஷின் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

சாமி அவளிடம் போனில் ஒரு படத்தைக் காட்டினார். துளை போடுகிற டிரில்லிங் மெஷின், அடியில் நகரும் மேசை. "இது புதுசு. இதுலயே மில்லிங்கும் பண்ணலாம்னு போட்டிருக்கான்."

"வேண்டா அங்கிள். அது மேலேருந்து கீழே குத்தத்தான் ஆகும். பக்கவாட்டுல வெட்டினா கட்டரைப் பிடிக்கிற தலை கழண்டு தெறிக்கும்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மாமாவுக்குத் தெரியுமல்லோ. நீங்க சொல்லிக் குடுங்க."

எனக்கு நன்றாகவே தெரியும். பட்டறையில் ஒருத்தன் அப்படிச் செய்து, கழன்ற தலை அவன் விரல்களைப் பிய்த்தது. அந்தத் தரையைக் கழுவியவன் நான்.

"சரி, மாமா ஓட்டிப் பாருங்க" என்று ஒதுங்கி நின்றாள்.

மூன்று கைச்சக்கரங்கள். எதைத் திருப்பினால் எது நகரும்? தெரியாது. இரண்டு பேரும் என் கையையே பார்த்தார்கள். மெஷினின் மேசையைப் பிடித்து உலுக்கினேன். ஆடியது. எனக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களா சாமி? தேஞ்சுபோன சரக்கை நம்ம தலையில கட்டப் பாக்கா. ஏமாத்துக்காரி. நீங்க புதுசையே வாங்குங்க."

ஜெஸியின் முகம் சிவந்தது. திருகுச் சாவி ஒன்றை எடுத்து மேசையின் பக்கவாட்டில் வரிசையாக இருந்த சின்னத் திருகுகளை முறுக்கினாள்.

"துடைச்சு எண்ணெய் போட நேத்து ஞான் லூசாக்கினது. இப்ப ஆட்டுங்க."

ஆடவில்லை.

"முப்பது வருஷம் மில்லிங்ல இருந்த ஆளுக்கு இந்தத் திருகு எதுக்குன்னு அறியாதோ?"

சாமி குறுக்கே வந்தார். "அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கும்மா. தப்பா எடுத்துக்காதேங்கோ."

எனக்கு எந்த ஆபரேஷனும் ஆகவில்லை. எனக்காக அந்த மனுஷன் பொய் சொன்னார்.

பஸ் ஸ்டாப்பில் அவர் போனை எடுத்தார். "இனி அவா முகத்துல எப்படி முழிக்கறது? புதுசையே வரவழைச்சுடறேன்."

அவர் விரலைப் பார்த்தேன். பேனா மட்டும் பிடித்த விரல்.

"சாமி, அமுக்காதீங்க."

"ஏன்?"

"அந்தப் பொம்பளை சொன்னது அம்புட்டும் நெசம். அந்தப் புது மெஷின் கைய எடுத்துரும். நான் மெஷின் ஓட்டினவன் இல்ல. கீழ கெடந்த சீவலை அள்ளினவன்."

ஒரு பஸ் வந்து போனது. அவர் ஏறவில்லை.

"அவாளோட மெஷின்?"

"நல்ல மெஷின். சீவலைப் பாத்ததுமே தெரியும்."

"தெரிஞ்சேவா ஏமாத்துக்காரின்னேள்?"

"தெரிஞ்சுதான்."

"வாங்கோ. அதை அவாகிட்ட நீங்களே சொல்லுங்கோ."

அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஜெஸி முழுசாகக் கேட்டாள். பிறகு கேட்டைத் திறந்தாள்.

"அங்கிள் வாங்க. மாமா அங்க நிந்நா மதி, உள்ள வரண்டா."

நின்றேன். எந்தச் சக்கரம் எதை நகர்த்தும் என்று அவள் உள்ளே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கும் கேட்டது.

மெஷினை வண்டி பிடித்து ஞாயிற்றுக்கிழமை எடுப்பதாகப் பேசி முடித்துவிட்டு வந்தார். பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தோம். கரமனை வந்ததும், "எறங்கணும், மேஸ்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தங்கபாண்டி என்று எனக்கு ஒரு பேர் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.