புகையில் வெந்த சோறு

வெள்ளோட்டத்துக்காகக் கோஜே கப்பல் கட்டும் துறையிலிருந்து கிளம்பிய புதுக் கப்பலில் எஞ்சினியர் பான் ஹே-சுக் காலையிலிருந்தே மின்சார மீட்டரை விட்டு நகரவில்லை. எஞ்சின் கக்கும் புகையின் சூடு சும்மா ஆகாயத்துக்குப் போவானேன்? அந்தச் சூட்டில் நீராவி எடுத்து, அதில் டர்பைனைச் சுழற்றினால் கப்பலுக்கு வேண்டிய மின்சாரம் முழுக்கக் கிடைக்கும். தனியாக டீசல் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றத் தேவையில்லை என்பது அவள் கட்சி. மூன்று வருடம் மல்லுக்கட்டி இந்தக் கப்பலில் அதைப் பொருத்தியும்விட்டாள்.

கப்பல் முதலாளியின் ஆள் ஸ்டமாதிஸ், கிரேக்கர், ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "கரண்ட் ஒரு தடவ போச்சுன்னாலும் இதக் கழட்டிடுங்க. அடுத்து கட்டப்போற மூணு கப்பல்லயும் வேணாம்."

எஞ்சின் முழு வேகத்தில் ஓடியது. கட்டுப்பாட்டு அறையில், பக்கத்தில் நின்ற ஸ்டமாதிஸுக்குக் கேட்காதபடி, கப்பல் கட்டும் கம்பெனியின் மேலாளர் பியோ அவள் காதருகே குனிந்தார். "ஜெனரேட்டர நிறுத்துறதுக்கு முன்னாடி கிச்சன நிறுத்திட்டா லோடு குறையும்மா. எதுக்கு வம்பு?"

அவள் சமையலறைக்குப் போன் போட்டாள். எடுத்தது சமையல்காரி ஓக்-புன். கப்பலில் எல்லாருக்கும் அவள் சித்திதான்.

"சித்தி, டெஸ்ட் இருக்கு. கரண்ட் குக்கரையெல்லாம் கொஞ்சம் அணைக்கிறீங்களா?"

"இப்பதான்டி அரிசி போட்டேன்! நூறு பேரு தட்டத் தூக்கிட்டு வருவான். அரவேக்காட்ட நீ திங்கிறியா? வெந்ததும் நானே கூப்புடுறேன், அப்புறம் நிறுத்து!"

போன் படாரென்று வைக்கப்பட்டது. ஹே-சுக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சோறாக்கக்கூட வக்கில்லாத கரண்ட் எதுக்கு ஸார்? ஜெனரேட்டர நிறுத்துங்க."

"கிச்சன் ஓடுதேம்மா!"

"ஓடட்டும்."

கடைசி ஜெனரேட்டரும் அடங்கியது. விளக்குகள் ஒரு கணம் மங்கின. மீட்டர் முள் சரசரவென்று இறங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். முள் தயங்கி நின்றது, மெல்ல ஏறியது, பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பியோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். ஸ்டமாதிஸ் மட்டும் முகத்தில் எதையும் காட்டாமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. முள் அசையவில்லை.

போன் அடித்தது.

"சோறு வெந்துருச்சுடி. இப்ப நிறுத்திக்கோ."

"ஜெனரேட்டர எப்பவோ நிறுத்தியாச்சு சித்தி!"

"அப்ப இவ்ளோ நேரம் எதுலடி வெந்துச்சு?"

"புகையில சித்தி! புகையில!" சந்தோஷத்தில் குரல் கிறீச்சிட்டது. கண்ணில் தண்ணீர் வேறு.

ஸ்டமாதிஸ் என்னவென்று கேட்டார். பியோ சிரித்துச் சிரித்து விஷயத்தைச் சொன்னார். கிரேக்கர் தொப்பியைக் கழற்றினார்.

"மூணு கப்பலுக்கும் இதையே வைங்க. இப்ப அந்தச் சோத்தக் காட்டுங்க, பசிக்குது."