கேட்டுக்கு வெளியே லாசர்

மறைமாவட்டத் தலைவரான ஆயர் திருவிழாவுக்கு வருகிறார் என்று தெரிந்ததும், அடையாறில் இருந்த அந்த மாதா கோயிலின் கமிட்டி ஏழைகளைப் பற்றித் தீவிரமாக யோசித்தது. பணக்காரன் வீட்டு வாசலில் புண்களோடு பட்டினி கிடந்த பிச்சைக்காரன் லாசரின் பைபிள் கதையை, பணக்காரனும் லாசரும் என்று நாடகமாக நடத்துவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். கோயில் கேட்டருகே உட்காரும் ஏழைகளை அப்புறப்படுத்துவதென்றும் அதே கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

இரண்டையும் முன்மொழிந்தவர் செயலாளர் ஞானாதிக்கம். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி, கனத்த குரல். பிச்சைக்காரன் லாசராக அவரே நடிப்பதாகச் சொல்லிவிட்டார். வேதத்தில் லாசர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அந்தக் குறையைப் போக்க, பக்கம் பக்கமாக வசனம் எழுதிக்கொண்டார்.

கேட்டிலிருந்து விரட்டப்பட்டவர்களில் மெழுகுவத்தி விற்கும் பேச்சியம்மாளும் ஒருத்தி. புருஷன் இல்லை, ஒரு கால் சரியாக வராது. எதிர் பிளாட்பாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் திரும்பி வராமலிருக்க வைரவன் என்ற புது வாட்ச்மேனை வைத்தார் ஞானாதிக்கம்.

"கந்தலும் அழுக்குமா எவன் வந்தாலும் உள்ளே விடாதே. என்ன கதை சொன்னாலும் நம்பாதே."

"சரிங்க சார்."

திருவிழா மாலையில் ஞானாதிக்கத்துக்குச் சாக்குத் துணி கட்டி, முகத்தில் கரி பூசி, கை கால்களில் பஞ்சும் பசையும் சிவப்புச் சாயமுமாகப் புண்கள் ஒட்டினார்கள். ஒப்பனை அறையில் புழுக்கம் தாங்கவில்லை. சிகரெட் பிடிக்க வெளியே போனவர் திரும்பி வந்தபோது, கேட்டில் வைரவன் குறுக்கே நின்றார்.

"எங்கே?"

"உள்ளே. நான்தான்யா செக்ரட்டரி!"

வைரவன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் ஜனாதிபதி. போ நைனா, போய்க்கினே இரு."

கத்திப் பார்த்தார், லத்தி உயர்ந்தது. காரில் வந்திறங்கிய பள்ளித் தாளாளர் குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனது. வேறு வழியில்லாமல் எதிர் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்தார். கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது.

பக்கத்திலிருந்த பேச்சியம்மாள் இலைப் பொட்டலத்தைப் பிரித்து, இட்லி ஒன்றை அவரிடம் நீட்டினாள். "புதுசா? அயாதே. துன்னு."

வாங்கித் தின்றார். அவருக்கு உண்மையிலேயே பசித்தது.

ஒலிபெருக்கியில் ஆயரின் பிரசங்கம் தெருவரை கேட்டது. "கடவுள் நீதியுள்ளவர். அவர் ஏழைகளின் பக்கம் இருக்கிறார்!"

"கேட்டியா? சாமி நம்ம பக்கந்தான் கீதாம்," என்றாள் பேச்சியம்மாள். "அப்போ உள்ள யாரக் கும்புடறாங்கோ?"

ஞானாதிக்கம் இட்லியில் இன்னொரு விள்ளல் பிய்த்தார்.

"இன்னாய்யா இவ்ளோ புண்ணு?" என்று முந்தானையால் அவர் கையைத் துடைத்தாள். புண் முந்தானையோடு வந்துவிட்டது. திடுக்கிட்டு அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீ... எங்கள வெரட்டுன செக்ரட்டரி தானே?"

அவர் தலை கவிழ்ந்தார்.

"சரி, துன்னு. பாதியில எந்திரிக்காதே."

அதற்குள் நாடக வாத்தியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார்! உங்க சீன் வந்தாச்சு!"

ஞானாதிக்கம் எழுந்து பேச்சியம்மாளின் கையைப் பிடித்தார். "நீயும் வாம்மா."

வாத்தியார் சொல்லி ஆளைத் தெரிந்துகொண்ட வைரவன், பேச்சியம்மாளை மட்டும் மறித்தார். "இந்தம்மாவ விடக்கூடாதுன்னு ஆர்டர், சார்."

"அந்த ஆர்டர் போட்டவன் மடையன்!"

"சரிங்க சார்," என்று வைரவன் பணிவோடு ஒப்புக்கொண்டு வழிவிட்டார்.

மேடையில் பொருளாளர் சவரிராயன் பணக்காரனாக, பட்டு உடுத்திப் பிரியாணித் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். ஞானாதிக்கம் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். எழுதிய வசனத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. சபை காத்திருந்தது. கூடவே மேடையேறிப் பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள் தட்டைப் பார்த்தாள்.

"அத்தினியும் நீ ஒருத்தனே துன்னப் போறியா?"

சவரிராயனிடம் அதற்கு வசனம் இல்லை. அரங்கத்தில் கைதட்டல் அதிர்ந்தது. நடிப்பு தத்ரூபம் என்று ஆயரே பாராட்டினார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், விரட்டிய தீர்மானத்தை ரத்து செய்யாவிட்டால் பதவி விலகுவேன் என்றார் ஞானாதிக்கம். செயலாளர் வேலை பார்க்க வேறு ஆள் இல்லாததால் நீதி வென்றது. ஆனாலும், கேட்டில் உட்காருகிறவர்கள் சுத்தமான வெள்ளை உடையில் இருக்க வேண்டும் என்று சவரிராயன் ஒரு நிபந்தனை சேர்த்தார்.

ஞானாதிக்கமே போய்ப் பேச்சியம்மாளிடம் சொன்னார். அவள் மெழுகுவத்திகளைக் கேட்டருகே பரப்பிக்கொண்டே கேட்டாள்:

"வெள்ளப் பொடவ யாரு எடுத்துத் தருவாங்கோ? சாமியா, கமிட்டியா?"