நீளமான பிளக்

ஊத்துக்குளி ரோட்டில் பெட்ரோலில் ஓடும் பழைய லாரி இருமி இருமி நின்றுவிட்டது. அதிலிருந்த பனியன் மூட்டைகள் இன்றைய கூட்ஸ் ரயிலில் ஏறாவிட்டால் முதலாளி வேறு டிரைவரை வைத்துக்கொள்வார். கன்னையன் எஞ்சினிலிருந்து கரி பிடித்த ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டு எதிரே ஆறுமுகசாமியின் உதிரிபாகக் கடைக்கு ஓடினார்.

"இதைப் போடுங்க, எல்லா வண்டிக்கும் சேருமுங்க" என்று கடைக்காரர் புதுசை நீட்டினார்.

கன்னையன் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். புதுசில் திருகு மரை நீளமாக இருந்தது.

"எஞ்சினுக்குள்ள பிஸ்டன்ல போய் இடிச்சா ஆரு பதில் சொல்றது?"

"இடிக்காதுங்க. உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்!"

ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது. கன்னையனுக்குக் கால் தரையில் நிலைக்கவில்லை. வாசலில் கடைக்காரரின் சொந்த லாரி நின்றது. அதுவும் கன்னையனுடையதைப் போன்ற வண்டிதான்.

"அப்ப உங்க வண்டிப் பிளக்கைக் கழட்டிக் குடுங்க. இதை நீங்க மாட்டிக்குங்க."

ஆறுமுகசாமி முகம் சுண்டிப்போயிற்று. "இருங்க, உள்ளே சரியானது ஒன்னு கெடக்குது" என்று எழுந்தார்.

அதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் கன்னையன் லாரிக்கு ஓடினார்.