ஏழாவது வார்டின் கையெழுத்து

பேரூராட்சி மன்றக் கூடத்தில் ஏழாவது வார்டு உறுப்பினருக்கான நாற்காலியில் அருள்செல்வி அன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்தாள். ஜெயித்து மூன்று வருஷம் ஆகிறது. அதுவரை அந்த நாற்காலியைத் தேய்த்தவன் அவள் கணவன் மிக்கேல்ராஜ். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் பெண்டாட்டி ஜெயித்தால் கூட்டத்துக்குப் புருஷன் போவது அந்த ஊரில் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. அவளுக்கும்தான் படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்துக்கு மறுநாள் அலுவலக உதவியாளர் பிரபு தீர்மானப் புத்தகத்தோடு வீட்டு வாசலுக்கு வருவான். "ஏழாம் நம்பருக்கு நேரா போடுங்கக்கா" என்பான். அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு போட்டுக் கொடுப்பாள். மேலே பக்கம் வெறுமையாக இருக்கும். அப்புறம் எழுதிக்கொள்வார்கள்.

இன்றைக்கு அவளே வந்ததற்கான காரணம் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு நுஸைபா. ஏழாவது வார்டு மட்டும் ஆற்றுக்கு அக்கரை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் இக்கரை. ஆறு வறண்டால் மணலில் குறுக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். தண்ணீர் வந்துவிட்டால் மதகுப் பாலம் வழியாக நாலு கிலோமீட்டர் சுற்று. போன ஜூனில் மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்த முதல் நாள், முழங்கால் அளவுதானே என்று நுஸைபாவின் மகள் நிலோஃபர் வழக்கமான தடத்திலேயே இறங்கினாள். பிளஸ் ஒன் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தடத்தை ஒட்டி யாரோ மணல் அள்ளிய குழி தண்ணீருக்கு அடியில் இருந்தது. சைக்கிள் அங்கேயே கிடைத்தது. பிள்ளை மறுநாள் காலையில் மதகடியில் கிடைத்தாள்.

அதிலிருந்து நுஸைபா ஆற்றில் கால் வைப்பதில்லை. மாசி பிறந்து ஆறு மணலாகக் கிடக்கிறது, இன்னும் சுற்றித்தான் வருகிறாள்.

"நடக்கவும் சைக்கிள் போகவும் ஒரு சின்னப் பாலங்க. காரு போற பாலமா கேக்குறோம்?" அருள்செல்வி எழுந்து நின்று கேட்டாள்.

"வருஷத்துல பாதி நாள் மணலா கெடக்குற ஆத்துக்குப் பாலம் எதுக்கும்மா?" என்றான் மூன்றாவது வார்டு ராஜ்குமார். "எங்க வார்டுல சாக்கடை வீட்டுக்குள்ள வருது. அதுக்கே நிதி இல்ல."

அவன் சொன்னதிலும் பொய் இல்லை.

"மீதி பாதி நாள் நாங்க என்ன பண்றது? போன வருஷமே பாலத்துக்கு நிதி வந்துச்சே, அது எங்க போச்சு?"

தலைவர் பஞ்சநதம் கெட்டவர் இல்லை. நிலோஃபரை அடக்கம் பண்ணும்வரை கூடவே நின்றவர். பழைய பக்கம் ஒன்றைப் புரட்டி, புத்தகத்தை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். "போன பங்குனியிலயே அத சந்தைக் கொட்டகைக்கு மாத்தியாச்சும்மா. ஏகமனதாத்தான். நீங்களும் போட்டிருக்கீங்க, பாருங்க."

பக்கம் நிறைய நீல மையில் எழுதியிருந்தது. கீழே ஏழுக்கு நேராக அவள் கையெழுத்து, ஓரத்தில் மஞ்சள் கறை. அன்றைக்கு மீன் குழம்பு. 'நிதிய மேலயே நிறுத்திட்டாங்க' என்று மிக்கேல்ராஜ் சொன்னதும், தான் நம்பியதும் நினைவுக்கு வந்தன. அந்தக் கொட்டகைக்கு வெல்டிங் வேலை பார்த்தது மிக்கேல்ராஜ்தான் என்பதும் கூடவே வந்தது. அந்தக் கூலியில் அவன் வாங்கிவந்த மிக்சியில்தான் இன்று காலையும் சட்னி அரைத்தாள்.

பாலத்துக்கு மறுபடியும் நிதி கேட்டு அரசுக்கு எழுதலாம் என்று முடித்தார்கள். பிரபு வழக்கம்போல வெற்றுப் பக்கத்தை நீட்டினான்.

"எழுதிட்டுக் கொண்டாப்பா."

முக்கால் மணி நேரம் காத்திருந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டாள். பதினோரு மாதம் முன்னால் படித்திருக்க வேண்டும்.

இருவரும் ஆற்றங்கரையோடு மதகை நோக்கி நடந்தார்கள். நுஸைபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாலம் வருதோ வரலையோ, எம்புள்ளைக்காக நீங்க ஒருத்தராச்சும் பேசுனீங்களேக்கா. அது போதும்."

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தப் பிடியை அவளால் தாங்க முடியவில்லை.

"நுஸைபா, பாலத்துக்கு வந்த காச சந்தைக் கொட்டகைக்கு மாத்திட்டாங்க, அதுல என் கையெழுத்தும் இருக்கு. படிச்சுப் பாக்காமப் போட்டுக் குடுத்துட்டேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

நுஸைபா பிடித்திருந்த கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு விட்டாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நிலோஃபர் இறங்கிய அதே சரிவில் ஆற்றுக்குள் இறங்கினாள். எட்டு மாதமாக மிதிக்காத மணல். பாதி வழியில், குழியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடந்த இடத்தில், நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அக்கரைக்கு நடந்தாள்.

அருள்செல்வியும் சரிவு வரை வந்தாள். மணலில் ஒரு காலை வைத்தாள். முன்னால் போன கால்தடங்களைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டு, நாலு கிலோமீட்டர் பாதையில் தனியாக நடக்கத் தொடங்கினாள்.