உள்ளே நின்ற உப்பு

சுல்பா முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சோடு படலையைத் திறந்து வந்தபோது ஸபீனா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பாராத மைத்துனி, கணவன் ஹாசிமின் தங்கை. ஹாசிம் தலைக்குள் இரத்தம் கசிந்து மௌத்தான அன்று, மையத்து வீட்டில் அத்தனை பேருக்கும் கேட்க, "உப்பையும் கருவாட்டையும் போட்டே என்ட நானாவக் கொன்டுட்டா" என்று கத்திவிட்டுப் போனவள். மன்னாரிலிருந்து ஒரே வள்ளத்தில் ஏறி வந்த இரண்டு குடும்பங்களும் அதன்பிறகு கரைத்தீவில் ஒரே ஒழுங்கையில் முகம் பாராமல் இருந்தன.

ஸபீனா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"பள்ளிக்கூடத்துல கெம்பஸ் புள்ளையொன்டு வந்து ரத்தம் எடுத்தா, மச்சி. பிரஷர் உள்ள குடும்பங்களத் தேடி." சுல்பாவுக்கு மூச்சு வாங்கியது. "உடம்புல ஒவ்வொரு கலத்தையும் சுத்திக் கொழுப்பால ஒரு மெல்லிய சவ்வு இருக்காம். உப்பு போய்வர அதுல சின்னச் சின்ன வாசலாம். சில குடும்பத்துல அந்தக் கொழுப்பே வேற மாதிரியாம். உள்ள வந்த உப்பு ஒழுங்கா வெளிய போகாதாம். ரத்தக் குழாய் இறுகிடுமாம். அப்ப சமையல்ல பிழையில்லையான்டு கேட்டன். உப்பக் குறைக்கத்தான் வேணும், ஆனா சமைச்சவட தலையில பழியப் போடேலாதுன்டா. எனக்கும் பிரஷர் நூற்றியெண்பதாம்."

இந்த வார்த்தைக்காக ஆறு வருடம் காத்திருந்தவள் ஸபீனா. வந்தபோது நெஞ்சு லேசாகவில்லை. ஹாசிமுக்குப் பிரஷர் என்று தெரிந்ததிலிருந்து எட்டு வருடம் உப்புப் போத்தலைப் பக்கத்து வீட்டில் ஒளித்துவைத்துச் சமைத்ததை சுல்பா வீட்டாரிடம் அவள் சொன்னதேயில்லை. கடைசி வெள்ளிக்கிழமை பகல் அவர் கெஞ்சினார்: "ஒரு துண்டு கருவாடு, ஸபீனா. வாயில வச்சிட்டுத் துப்பிர்றன்." கொடுக்கவில்லை. அஸர் தொழுகைக்கு முன்னமே விழுந்துவிட்டார்.

"நான் ஒரு கல்லு உப்பும் போடல்ல, சுல்பா. கேட்டார். குடுக்கல்ல."

சுல்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துணிக்குள்ளிருந்தே, "உப்பில்லாம எனக்கு ஆக்கத் தெரியா" என்றாள்.

ஸபீனா உள்ளே போய், தனக்கென்று ஆக்கியிருந்த சோற்றைப் பரிமாறினாள். ஹாசிம் போன பின்னும் அவள் கை உப்புக்குத் திரும்பியிருக்கவில்லை. சுல்பா ஒரு பிடி வாயில் வைத்தாள். விழுங்காமல் அப்படியே இருந்தாள்.

"எட்டு வருசமும் இதையா நானா தின்டாரு?"

ஸபீனா தலையசைத்தாள். சுல்பா குனிந்து, கண்ணைத் துடைக்காமலே, அடுத்த பிடியைப் பிசையத் தொடங்கினாள்.